தாவரச் சாறும் வெயில் காப்பும்: கிருஷ்ணகிரிக் கடை ஒன்றின் பொருள்களைப் பயன்படுத்திப் பார்த்ததில்

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலையில், ஒரு குடும்பத்தார் நடத்தும் சிறிய கடை ஒன்று சில ஆண்டுகளாக இருந்துவருகிறது. முன்கட்டில் விற்பனை, பின்கட்டில் தயாரிப்பு. சோற்றுக்கற்றாழைக் கூழ், பன்னீர், குளியல் பொடி, மாங்கொட்டை வெண்ணெயில் செய்த களிம்பு, மூலிகை எண்ணெய் ஆகியவற்றோடு ‘மூலிகை சன்ஸ்கிரீன்’ என்று அச்சிட்ட ஒரு ட்யூபும் அங்கே கிடைக்கிறது. நான் மருந்துக் கடையில் வேலை செய்பவள். முகத்துக்கு என்ன போடலாம் என்று கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்வது என் அன்றாட வேலையில் பாதி. அதனால் சென்ற கோடையில் இந்தக் கடையின் பொருள்களை வாங்கி, நானும் என் வீட்டாரும் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்தோம். நிறையோடு குறையும் சொல்ல வேண்டியிருப்பதாலும், சிறு முதலீட்டில் நடக்கும் தொழில் என்பதாலும் கடையின் பெயரை எழுதவில்லை.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடையின் தாவரப் பொருள்கள் சருமத்தைப் பேணுவதில் நன்றாகவே வேலை செய்கின்றன, விலையும் நியாயம். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேலையைச் செடிகளின் சாறு செய்கிறது என்று நம்பி யாரும் இங்கே எதையும் வாங்கக் கூடாது. அங்கே விற்கும் சன்ஸ்கிரீன் உண்மையில் காக்கிறது. காப்பது அதிலுள்ள துத்தநாக ஆக்சைடு என்ற கனிமம். இந்த வேறுபாடு வாங்குபவருக்குத் தெரியாமல் போனால், வெறும் கற்றாழைக் கூழைத் தடவிக்கொண்டு நாள் முழுவதும் தக்காளித் தோட்டத்தில் நிற்கும் ஒரு பெண், தான் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணிக்கொள்வாள். நம் மாவட்டத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களின் நண்பகலில் தென்னிந்தியாவில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது வழக்கம். உலக அளவுகோலில் அதுதான் உச்சப் படி. ஓசூர்க்காரர்கள் ‘எங்கள் ஊரில் வெயிலே தெரியாது’ என்பார்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். காற்று குளிர்ந்திருப்பதால் உடம்புக்குச் சூடு உறைக்காதே தவிர, கதிர் குறைவதில்லை.

இனி அந்த ட்யூபைப் பார்ப்போம். ஐம்பது கிராம், விலை 360 ரூபாய். முன்பக்கத்தில் மாவிலை, கற்றாழை, அதிமதுரம் மூன்றின் படம். எஸ்.பி.எஃப். 30, பி.ஏ. மூன்று கூட்டல் குறி என்று எழுதியிருக்கிறது. பின்பக்கத்தில் உள்ள பொடி எழுத்தைப் படித்தால்தான் விஷயம் விளங்கும். நம் நாட்டு விதிப்படி அழகுப் பொருள்களின் உட்பொருள்களில் ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். இந்த ட்யூபில் முதலில் நீர், அடுத்து துத்தநாக ஆக்சைடு, பிறகு கொழுப்பு எஸ்டர்கள், கிளிசரின், புங்கன் எண்ணெய், மெழுகு, பினாக்ஸி எத்தனால் என்று போகிறது. மாவிலைச் சாறும் கற்றாழையும் அதிமதுரமும் அதற்குப் பிறகு, பட்டியலின் கடைசியில் வருகின்றன. பினாக்ஸி எத்தனால் என்பது பொருள் கெடாமல் இருக்கச் சேர்ப்பது. அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே அதற்குப் பின்னால் வருபவை பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. படத்தில் முன்னால் நிற்பவை பட்டியலில் கடைசியில் நிற்கின்றன. இது இந்த ஒரு கடையின் வழக்கமன்று. பெரிய நிறுவனங்களின் ‘ஹெர்பல்’ சன்ஸ்கிரீன் எதை எடுத்தாலும் பெரும்பாலும் இதே அமைப்புதான். ட்யூபை வாங்கும்போது படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இந்தப் பட்டியலைப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

எஸ்.பி.எஃப். என்ற எண் எதைக் குறிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் எங்கள் மருந்துக் கடையில் கேட்பவர்களில் பெரும்பாலோர் அதை ‘எத்தனை மணி நேரம் தாங்கும்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். தன்னார்வலர்களின் முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் க்ரீமைப் பூசி, செயற்கை ஒளியைப் பாய்ச்சி, தோல் சிவக்க எவ்வளவு கதிர் தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். பூசாத இடத்தைவிட முப்பது மடங்கு தேவைப்பட்டால் அது 30. தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் எஸ்.பி.எஃப். 15 ஏறத்தாழ 93 சதவீதத்தையும், 30 ஏறத்தாழ 97 சதவீதத்தையும், 50 ஏறத்தாழ 98 சதவீதத்தையும் தடுக்கும். இந்த எண் முக்கியமாக, புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யு.வி.பி. கதிருக்கானது. தோலைக் கறுக்கவைத்து, காலப்போக்கில் சுருங்கவைக்கும் இன்னொரு வகையான யு.வி.ஏ. கதிருக்குத்தான் பி.ஏ. குறி, ஜப்பானியர் 1996-இல் கொண்டுவந்த முறை அது. இந்த ட்யூபில் இரண்டு குறிகளும் இருக்கின்றன. தயாரித்த ஆலையின் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இருக்கின்றன. கடைக்கார அக்காவிடம் கேட்டபோது, “இதை மட்டும் நாங்க செய்யறதில்லைங்க மேடம். லைசென்ஸ் இருக்கிற கம்பெனியில செஞ்சு, டெஸ்ட் ரிப்போர்ட்டோட வாங்கறோம். சன்ஸ்கிரீனை வீட்டுல கிண்ட முடியாதுங்களே” என்றார். அறிக்கையையும் எடுத்துக் காட்டினார். இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. துத்தநாக ஆக்சைடு பொடியை வாங்கித் தேங்காயெண்ணெயில் குழைத்து விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். பொடி கட்டி கட்டியாகத் தங்கி, தோலில் சீரான படலமாகப் படியாவிட்டால், எவ்வளவு சேர்த்திருந்தாலும் இடைவெளிகளின் வழியே கதிர் உள்ளே போய்விடும்.

அப்படியென்றால் தாவரச் சாறுக்குக் கதிரைத் தடுக்கும் ஆற்றலே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. வெயிலில் நின்றபடியே வாழ வேண்டிய செடி, தன் இலையின் மேல்தோலில் ஃபிளேவனாய்டு போன்ற பாலிபீனால்களைச் சேர்த்துவைத்துப் புற ஊதாக் கதிரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. மாவிலையிலும் மாம்பழத் தோலிலும் உள்ள மாஞ்சிஃபெரின், தேயிலையின் கேட்டச்சின்கள், மஞ்சளின் குர்குமின், புங்கன் விதையின் பொங்கமோல் எல்லாம் புற ஊதாக் கதிரை ஓரளவு உறிஞ்சுபவையே. சிக்கல் அளவில் இருக்கிறது. ஆய்வகக் குப்பியில் தெளிந்த கரைசலாக இருக்கும்போது கதிரை உறிஞ்சும் ஒரு பொருள், க்ரீமில் அரை சதவீதமாகக் கலந்து தோலில் மெல்லிய படலமாகப் படியும்போது அதே வேலையைச் செய்வதில்லை. அளவைக் கூட்டினால் நிறமும் வாடையும் பிசுபிசுப்பும் கூடும். குர்குமின் வெளிச்சம் பட்டாலே சிதையத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, இலை பறித்த மாதம், மண், உலர்த்திய விதம் ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொரு தொகுதியிலும் சாறின் வலு மாறும். இந்தச் சாறுகளின் உண்மையான பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது. எந்த சன்ஸ்கிரீனும் முழுவதையும் தடுப்பதில்லை. தப்பி உள்ளே போகும் கதிர் தோலில் நிலையற்ற ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும். அவற்றைத் தணிப்பதில் ஆன்டி ஆக்சிடன்ட்கள் உதவுகின்றன. 2005-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் சி, ஈ இரண்டும் கலந்த கரைசலில் ஃபெருலிக் அமிலத்தைச் சேர்த்தபோது, தோலுக்குக் கிடைத்த காப்பு நான்கு மடங்கிலிருந்து ஏறத்தாழ எட்டு மடங்காக உயர்ந்தது. அந்த ஃபெருலிக் அமிலம் அரிசித் தவிட்டிலும் நம் ஊர் ராகியின் மேல்தோலிலும் இருக்கிறது. ராகியை இவ்வளவு விளைவிக்கும் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும், அதன் உமியையும் தவிட்டையும் மாட்டுக்குப் போடுவதோடு நிறுத்திவிடுகிறோமே என்று எனக்குப் பல நாள் ஆதங்கம் உண்டு. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

சன்ஸ்கிரீனைப் பயன்படுத்திய அனுபவத்துக்கு வருகிறேன். என் நாத்தனார் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளியும் செண்டுமல்லியும் பயிரிடுகிறார். காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் இறங்கினால் பதினொன்றுக்குத்தான் கரையேறுவார். ரவிக்கையின் கை முடியும் இடத்தில் அவருடைய தோல் கோடு கிழித்தாற்போல் இரண்டு நிறமாகப் பிரிந்திருக்கும். கன்னத்தில் மங்கு வேறு. க்ரீமை முதலில் பூசியதும் அவர் முகம் சாம்பல் பூத்தாற்போல் வெளிறித் தெரிந்தது. மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் துத்தநாக ஆக்சைடு தரும் இந்தத் தோற்றம்தான் இதன் முதல் குறை. சிறிது சிறிதாக எடுத்து, விரல் நுனியால் தட்டித் தட்டிப் பரப்பி, சில நிமிடம் விட்டால் பாதி மறைகிறது, முழுவதும் மறைவதில்லை. இரும்பு ஆக்சைடு நிறமிகளைச் சேர்த்துத் தோலின் நிறத்தில் செய்யும் சன்ஸ்கிரீன்களில் இந்தச் சாம்பல் தெரியாது. மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் காரணம் என்பதால், அந்த வெளிச்சத்தையும் தடுக்கும் இரும்பு ஆக்சைடு மங்கு உள்ளவர்களுக்குக் கூடுதல் நன்மை தரும். நம் மக்களின் நிறத்தை மனத்தில் வைத்து, மாநிறத்துக்கு ஒன்றும் கறுப்புக்கு ஒன்றுமாக நிறமூட்டிய வகைகளை இந்தக் கடை தருவித்தால், இப்போது விற்பதைவிடப் பல மடங்கு விற்கும். முக்கியமாக, வாங்கியவர்கள் இரண்டாம் நாளும் பூசுவார்கள்.

இரண்டாவது குறை வியர்வை. ஒன்பது மணிக்கு மேல் நெற்றியில் பூசியது புருவத்துக்கு இறங்கிவிடுகிறது. எந்த சன்ஸ்கிரீனையும் வெளியில் வேலை செய்யும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும் என்பது பொது விதி. ஆனால் மண் படிந்த கையோடு வரப்பில் உட்கார்ந்து அதைச் செய்வது எளிதன்று. ஈரத் துண்டால் துடைத்துவிட்டுப் பூச நாத்தனார் பழகிக்கொண்டார். அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோதனையில் பூசும் கனத்தில் பூசினால்தான் 30 என்ற எண் கிடைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுக்கும் அளவு அது, அதாவது ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிராம். கடலைப் பருப்பு அளவு எடுத்து முகம் முழுவதும் தேய்த்தால் காப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நாளுக்கு இரண்டு முறை பூசினால் ஐம்பது கிராம் ட்யூப் இருபது நாளில் தீரும்; அப்படியென்றால் ஒரு நாளைக்கு 18 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது பாரம்தான். அதனால், கைக்கும் கழுத்துக்கும் இதைப் பூசிச் செலவழிப்பதைவிட, நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டி, முகத்துக்கு மட்டும் க்ரீமை ஒழுங்கான அளவில் பூசுங்கள் என்று எங்கள் கடைக்கு வருபவர்களுக்கு நான் சொல்கிறேன். கோடை முடிவில் நாத்தனாரின் மங்கு மறைந்துவிடவில்லை. வழக்கமாக மே மாதத்தில் கருத்துப் பரவும் அளவுக்கு இம்முறை பரவவில்லை. ஒருவரை வைத்து உறுதி கூற முடியாது என்றாலும், தொடர்ந்து பூச வைத்ததே இந்தப் பொருளின் வெற்றி என்று நினைக்கிறேன்.

மூலிகை எண்ணெயைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. ஒகேனக்கலில் அருவிக்கரையில் தேய்த்துவிடும் மசாஜ் எண்ணெயைப் போன்றது அது; தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து, வெட்டிவேரும் ஆவாரம்பூவும் போட்டுக் காய்ச்சியது. மணமும் தன்மையும் அருமை. இரவில் காலுக்குத் தேய்த்துப் படுத்தால் உடம்பின் அசதி போகிறது. ஆனால் குப்பியின் மேல் ‘இயற்கை எஸ்.பி.எஃப். 8’ என்று ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது. தேங்காயெண்ணெய்க்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் இப்படி ஏறத்தாழ 8 என்ற எண் வந்தது 2010-இல் வெளியான ஓர் ஆய்வில். அங்கே எண்ணெயை ஆல்கஹாலில் நீர்க்கக் கரைத்து, ஒளி அளவீட்டுக் கருவியில் வைத்துக் கணக்கிட்டார்கள். மனிதத் தோலில் பூசி அளக்கவில்லை. காரட் விதை எண்ணெய்க்கு 38, ராஸ்ப்பெர்ரி விதை எண்ணெய்க்கு 28 முதல் 50 வரை என்று இணையத்தில் சுற்றும் எண்களும், ஆய்வுக் கட்டுரைகளைத் தவறாகப் படித்ததால் பரவியவை. எண்ணெய் பூசிய தோலோடு ஒகேனக்கல் பாறையில் மதியம் வரை படுத்துக் கிடந்துவிட்டு, மறுநாள் தோள்பட்டை உரிந்து எங்கள் கடைக்கு வருபவர்களை ஒவ்வொரு விடுமுறையிலும் பார்க்கிறேன். அந்தச் சீட்டைக் கடைக்காரர்கள் உடனே கிழித்துவிட வேண்டும். சொல்லிவிட்டு வந்தேன்; அடுத்த முறை போனபோதும் ஒட்டியேதான் இருந்தது.

என் கணிப்பில் கடையின் மிகச் சிறந்த பொருள் மாங்கொட்டை வெண்ணெய்க் களிம்பு. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மாங்கொட்டையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெங்களூரா பழம் லாரி லாரியாக மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் மாதங்களில், சதை எடுத்த கொட்டை ஆலைக்கு வெளியே மலையாகக் குவிந்து புளித்து நாறும். அந்தக் கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொழுப்பு. ஸ்டியரிக் அமிலமும் ஓலிக் அமிலமும் அதில் பெரும்பகுதி. கொக்கோ வெண்ணெயை ஒத்த தன்மை இருப்பதால்தான், சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெயோடு குறைந்த அளவில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. அறை வெப்பத்தில் கெட்டியாக இருந்து, தோலின் சூட்டில் இளகும். டப்பாவில் விரலை வைத்தால் முதலில் மெழுகுபோல் வழுக்குகிறது. உள்ளங்கையில் தேய்த்ததும் எண்ணெயாகி, தோலில் ஏறியபின் எண்ணெய்ப் பசை தெரியாமல் மிருதுவாக நின்றுவிடுகிறது. கல் குவாரிக்குப் போகும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் குதிகால் வெடிப்பு. வெந்நீரில் காலை ஊறவைத்துத் துடைத்து, இரவில் இதைத் தடவி, பழைய காலுறையைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். வெடிப்பின் விளிம்பு முதலில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது, பிறகு தோல் நிறத்துக்குத் திரும்பி, வெடிப்பு மெல்ல ஆழம் குறைந்துவந்தது.

இதிலும் ஒரு விளக்கம் தேவை. ‘நம்ம ஊர் மாங்கொட்டை’ என்று டப்பாவில் இருக்கிறது. பருப்பிலிருந்து கொழுப்பை வெறும் செக்கில் ஆட்டி எடுப்பது கட்டுப்படியாகாது. பெரிய ஆலைகள் கரைப்பானைக் கொண்டு பிரித்துச் சுத்திகரிக்கின்றன. அந்த வெண்ணெயை இவர்கள் வெளியிலிருந்து வாங்கி, தேன்மெழுகும் நல்லெண்ணெயும் சேர்த்துக் களிம்பாக்குகிறார்கள். கேட்டபோது அக்கா மறைக்காமல் சொன்னார். டப்பாவிலும் அப்படியே எழுதிவிடலாம். பொருளின் மதிப்பு அதனால் குறையாது. மாந்தோப்பில் வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மாம்பால் பட்டால் கொப்பளிக்கும் உடம்பு உள்ளவர்கள், மாமரம் சார்ந்த எந்தப் பொருளையும் முகத்தில் போடுமுன் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி, ஓரிரு நாள் பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும். முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெயில் உள்ளவற்றைப் போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் மாம்பாலிலும் மாந்தோலிலும் இருக்கின்றன.

கற்றாழைக் கூழைப் பின்கட்டில் செய்வதை நின்று பார்த்தேன். மடலை அறுத்ததும், வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு வாளியில் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். மஞ்சள் பால் சொட்டுச் சொட்டாக வடிந்து வாளியின் அடியில் பழுப்பாகத் தேங்குகிறது. அலோயின் என்ற பொருள் அந்தப் பாலில்தான் இருக்கிறது. அது வடியாமல் கூழோடு கலந்தால் பலருக்குத் தோல் அரிக்கும். வடிந்தபின் மடலைக் கழுவி, முள் விளிம்பைச் சீவி, தோலை உரித்து, கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுத்து அடிக்கிறார்கள். வீட்டில் கற்றாழை பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் இந்த வடிக்கும் வேலையைச் செய்வதில்லை. இவர்களுடைய கூழ் நிறமற்றது, சற்றே கலங்கலானது. சந்தையில் கிடைக்கும் பளிச்சென்ற பச்சை, சாயத்தின் பச்சை. வெயிலில் போய் வந்த எரிச்சலுக்கு இதைத் தடவினால் குளிர்ச்சி கிடைக்கிறது. மடலில் 98 சதவீதத்துக்கு மேல் நீர் என்பதால் இது விரைவில் கெடும். கெடாமல் காக்கும் பொருளைக் குறைவாகவே சேர்க்கிறார்கள். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடச் சொல்கிறார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டினர் இதை வாங்க வேண்டாம்.

பன்னீர் நன்றாக இருக்கிறது. ஓசூர்ப் பசுமைக்குடில்களில் வெளிநாட்டுக்கு அனுப்ப வளர்க்கும் ரோஜாவில் அழகு உண்டு, மணம் குறைவு. இவர்கள் பன்னீர் ரோஜாவை வாங்கிச் சிறிய வாலையில் வடிக்கிறார்கள்.

குளியல் பொடியைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், கார்போகரிசி ஆகியவற்றை வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்து, சலித்துத் தருகிறார்கள். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று நம் பெரியவர்கள் கொண்டாடிய பூ, பென்னாகரம், அரூர் சாலை ஓரங்களில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடப்பது. அதைப் பறித்து உலர்த்திக் கொடுக்கும் பெண்களுக்குக் கடைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று கையோடு பணம் கொடுப்பதைப் பார்த்தேன். பொடி மிக நைசாக இருக்கிறது, சோப்பைப் போல் தோலை வறட்டுவதில்லை. குறை, சேர்மானத்தில் கடைசியாகச் சொன்ன கார்போகரிசியில். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. சோராலென் தோலில் இருக்கும்போது யு.வி.ஏ. கதிர் பட்டால், கதிரின் தாக்கம் பன்மடங்காகும். வெண்புள்ளிக்கு நம் சித்த மருத்துவர்கள் கார்போகரிசியைக் கொடுத்து இளவெயிலில் நிற்கச் சொன்னது இந்தத் தன்மையைப் பயன்படுத்தித்தான். தோல் மருத்துவத்தில் சோராலெனையும் யு.வி.ஏ. ஒளியையும் சேர்த்துக் கொடுக்கும் ‘பூவா’ சிகிச்சை 1974-இல் அறிமுகமானதும் இதே அடிப்படையில்தான். ஆக, நிறத்தை வரவழைப்பதற்கென்றே மருந்தாகப் பயன்பட்ட ஒரு விதை, ‘வெயில் கறுப்பு போகும்’ என்று எழுதிய பொட்டலத்தில் இருக்கிறது.

உடம்பில் தேய்த்து உடனே கழுவிவிடும் பொடியில் சிறிதளவு கார்போகரிசி இருப்பதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேராது. தலைமுறைகளாகத் தேய்த்துத்தான் வந்திருக்கிறோம். ஆனால் இப்போதைய வழக்கம் மாறிவிட்டது. அதே பொடியைத் தயிரில் குழைத்து, முகத்தில் அரை மணி நேரம் காயவிட்டு, கழுவிவிட்டு இரு சக்கர வண்டியில் வெயிலில் கிளம்புகிறார்கள். எங்கள் கடைக்கு அப்படி வந்த ஒரு கல்லூரி மாணவியின் கன்னத்தில் பொடி பூசிய வடிவிலேயே பழுப்புத் திட்டு இருந்தது. தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். கடையில் பொடியோடு விற்கும் எலுமிச்சைத் தோல் பொடிக்கும் இது பொருந்தும். எலுமிச்சை வகைகளின் தோலிலும் சாறிலும் சோராலெனின் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் உண்டு. முகத்தில் எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு வெயிலில் போகவே கூடாது. பொட்டலத்தில் ‘இரவில் மட்டும் பயன்படுத்தவும், பூசிவிட்டு வெயிலில் செல்ல வேண்டாம்’ என்று ஒரு வரி அச்சிட்டால் போதும். அந்த ஒரு வரி இல்லாததை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். பகூச்சியால் என்ற பெயரில் விலையுயர்ந்த சீரம்களில் வரும் பொருளும் கார்போகரிசியிலிருந்து எடுப்பதுதான். ஆனால் அதில் சோராலெனைப் பிரித்து நீக்கிவிடுகிறார்கள். வீட்டு மில்லில் அரைக்கும் பொடியில் அப்படிப் பிரிக்க வழியில்லை.

சட்டப்படியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி, விற்பனைக்குத் தயாரிக்கும் அழகுப் பொருளுக்கு மாநில உரிமம் வேண்டும். உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கடைசி நாள் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். ட்யூபிலும் களிம்பு டப்பாவிலும் இவை இருக்கின்றன. குளியல் பொடிப் பொட்டலத்தில் அரைத்த தேதி மட்டுமே இருக்கிறது. விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார்கள், சீக்கிரம் கிடைக்கட்டும்.

இவ்வளவு குறை சொன்னபிறகும் இந்தக் கடைக்குப் போகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே எந்தப் பொட்டலத்திலும் ‘சிவப்பழகு’ என்ற சொல் இல்லை. முகம் வெளுக்க வேண்டும் என்று கேட்டு வரும் பெண்களுக்கு, ஹைட்ரோகுவினோனும் ஸ்டீராய்டும் கலந்த மருந்துக் களிம்புகளைச் சீட்டில்லாமல் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயிலில் தலைகாட்டினாலே சிவந்து எரியும். அப்படி எரிந்த முகத்தோடு வந்த ஒரு பெண்ணிடம், நான் அங்கே நின்றிருந்தபோதே, “இதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லம்மா, நீ ஸ்கின் டாக்டரைப் பாரு, அந்த ட்யூபை அவங்ககிட்ட காட்டு” என்று சொல்லி, எதையும் விற்காமல் அனுப்பினார் அந்த அக்கா. விற்பனைக்காரர் ஒருவர் அப்படிச் செய்வதை நான் அதிகம் பார்த்ததில்லை.

வாங்குவதாக இருந்தால், களிம்பையும் பன்னீரையும் தயங்காமல் வாங்கலாம். சன்ஸ்கிரீனை அதன் வெளிறிய தோற்றம் பரவாயில்லை என்பவர்கள் வாங்கலாம். ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு எந்த சன்ஸ்கிரீனும் வேண்டாம், நிழலும் துணியும் போதும். எண்ணெயை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மற்ற நாள்களில் காலை பத்து முதல் இரவு எட்டு வரை திறந்திருக்கும். குளியல் பொடி வேண்டுமென்றால், கார்போகரிசி சேர்க்காமல் தனியாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால், ஒரு கிலோவுக்குக் குறையாமல் எடுப்பவர்களுக்கு அப்படி அரைத்துத் தருகிறார்கள்; விலை அதேதான்.